மூடிக்கு அடியில் வெண்ணெய்

உல்சூர், பெங்களூர்
27 டிசம்பர் 1958, சனிக்கிழமை

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு மன்னி கோமளம் ஆசீர்வாதம்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் பெயருக்கு எழுதுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல, ஒரு எஞ்சினைப் பற்றிய கடிதம். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் எஞ்சின்களோடு கிடந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் என் உறவில் நீ ஒருவன்தான். வேறு ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன்.

உன் அண்ணா ஞாயிற்றுக்கிழமைதோறும் காரின் முன்மூடியைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பார். அவர் போனபின் நான் பார்க்கிறேன். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. போன ஞாயிறு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். அதன் அடியில், மத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி வெளுத்த மஞ்சளாக வெண்ணெய் அப்பியிருந்தது. விரலில் தேய்த்தேன். வழுக்கியது, உள்ளே ஈரமும் இருந்தது. துடைத்துவிட்டு மூடினேன். வியாழக்கிழமை திறந்தால் மறுபடியும் இருக்கிறது.

நேற்று ஜோகுபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கிருஷ்ணப்பாவை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். மூடியைப் பார்த்தான், தலையை ஆட்டினான். வேறு எதையும் பார்க்கவில்லை. "கேஸ்கெட் போச்சும்மா. தண்ணி எண்ணெயிலே எறங்குது. பிளாக்கே கிராக் ஆயிருந்தாலும் ஆயிருக்கும். சும்னே அப்படியே ஓட்டினீங்கன்னா ஒரு நாளைக்கு நடுரோட்லே ஜாம் ஆயி நின்னுடும். இந்த வயசுலே உங்களுக்கு எதுக்கும்மா? வித்துடுங்க" என்றான். வாங்கவும் ஆள் வைத்திருக்கிறான், சுப்ரமணியன் என்று ஒரு டாக்டர். மார்கழியில் எதையும் கைமாற்றுவதில்லை என்றேன். அப்படியானால் தை முதல் தேதி காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இந்த வண்டி போனால் நான் யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்று வாசலில் காத்திருக்கும் பெண்பிள்ளை ஆகிவிடுவேன். அறுபத்திரண்டு வயதில் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதென்றால் செலவழித்துச் சரிசெய்யக்கூடிய ஒரு டாக்டரிடம் இருப்பது மேல். எது உண்மை என்று எழுது.

அண்ணாவின் பதின்மூன்றாம் நாள் கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "வண்டியை வித்துடுங்கோ மன்னி" என்று நீ சொன்னாய். "விற்க மாட்டேன், நானே ஓட்டுவேன்" என்று நான் சொன்னபோது சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை. அது வேறு விஷயம். இது எஞ்சின்.

இப்படிக்கு,
கோமளம்


பொன்மலை
30.12.58

மன்னிக்கு ஆராவமுதன் அநேக நமஸ்காரம்.

எப்போதும் தன் பெயருக்குக் கார்டு வருகிற இடத்தில், உறையின் மேல் உங்கள் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்ததும் ஜெயலக்ஷ்மி, "ஐயோ, பெங்களூர்ல யாருக்கோ என்னமோ ஆயிடுத்து" என்று அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். நான் படித்து முடித்து, "காருக்குத்தாண்டி" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரசம் தீய்ந்துவிட்டது. எனக்கு அன்று பசிக்கவே இல்லை.

திட்டியாவது எழுதினீர்களே. திட்டு எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது எஞ்சின். மூடியில் வெண்ணை இருக்கிறது என்பதால் மட்டும் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. சளி இருப்பவனுக்கெல்லாம் க்ஷயரோகம் என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்கள் கிருஷ்ணப்பாவின் வைத்தியம். நான் கேட்பதற்கெல்லாம் பார்த்துப் பதில் எழுதுங்கள்.

முதலில் எண்ணெய் அளக்கும் கம்பி. ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்னால் உருவிப் பாருங்கள். கம்பியில் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறதா, இல்லை மோராக இருக்கிறதா? வெண்ணை மூடியில் இருக்கட்டும், கவலையில்லை. கம்பியில் மோர் இருந்தால்தான் கவலை. பிறகு ரேடியேட்டர். குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்கவும். தண்ணீர் நாளுக்கு நாள் குறைகிறதா? மேலே எண்ணெய்ப் பளபளப்பு மிதக்கிறதா? பிறகு சைலன்சர். வெள்ளைப் புகை குளிர்காலத்தில் ஆரம்பத்தில் வரத்தான் செய்யும், எஞ்சின் கொஞ்சம் ஓடிய பிறகும் நிற்காமல் வருகிறதா?

கடைசியாக ஒன்று. வண்டியை எடுத்தால் ஒரு தடவைக்கு எத்தனை மைல் ஓட்டுகிறீர்கள்?

டாக்டருக்கு வாக்கு ஏதும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆராவமுதன்


உல்சூர்
2 ஜனவரி 1959, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு ஆசீர்வாதம்.

வெண்ணெய் என்று எழுத வேண்டும். நெய் அதற்குள் இருக்கிறது. நீ இரண்டு இடத்தில் "வெண்ணை" என்று எழுதியிருக்கிறாய். பதின்மூன்று வயதில் உன்னை நான் பாடம் ஒப்பிக்க வைத்தபோதும் இதே தப்புதான்.

கம்பியை நேற்றும் இன்றும் காலை ஐந்து மணிக்கு உருவிப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் துடைத்துத் துணியை விளக்கடியில் பிடித்தேன். தேன் நிறம். மோர் இல்லை. ரேடியேட்டருக்குள் மரஸ்கேலை விட்டு அளந்தேன். இரண்டு நாளும் ஒரே கோட்டில் நிற்கிறது, ஒரு நூல்கூடக் குறையவில்லை. மேலே எண்ணெய் மிதக்கவில்லை. சைலன்சருக்கு அடுத்த வீட்டு டோரதியை நிறுத்தினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைஸராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கப்பன் பூங்காவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். டிரெஸ்ஸிங் கவுனோடு வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஸ்மோக்கிங்... ஸ்மோக்கிங்... ஸ்டாப்ட், கோமா! த்ரீ மினிட்ஸ்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். பால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

உன் கடைசிக் கேள்விக்கு: தேவைக்கு ஏற்ற தூரம் ஓட்டுகிறேன்.

மூடியில் மட்டும் இன்றும் வெண்ணெய் இருக்கிறது.

ஜெயலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். ரசம் தீய்ந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கோமளம்


பொன்மலை
4.1.59

மன்னிக்கு நமஸ்காரம்.

நீங்கள் எங்கள் பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்திருந்தால் பாதிப் பேர் வேலையை விட்டு ஓடியிருப்பார்கள். மரஸ்கேல் விஷயத்தை என் பழைய சிநேகிதர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

மூன்று பதிலும் நல்ல பதில். நாலாவது பதிலே இல்லை. ஆனால் எல்லாம் அந்த நாலாவதில்தான் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சுடுசாதத்தின் மேல் தட்டைப் போட்டு மூடினால் தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும் இல்லையா? எங்கிருந்தோ ஒழுகி வந்த தண்ணீர் அல்ல அது. ஆவிதான். எஞ்சினுக்குள்ளும் பெட்ரோல் எரிகிறபோது கொஞ்சம் ஆவி கீழே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது குழாய் வழியாக வெளியே போய்விடும். சூடேறும் முன்பே நிறுத்திவிட்டால் போக வழியில்லாமல், இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில், அதாவது அந்த மூடியில், படிந்து எண்ணெயோடு கலந்து வெண்ணெயாகும். (சரியாக எழுதிவிட்டேன், பாருங்கள்.) பெங்களூர் மார்கழிக் குளிரில் அரை மைல், ஒரு மைல் ஓடும் வண்டிக்கு இது வரும். வியாதி அல்ல.

ஆனால் மன்னி, நவம்பரில் நீங்கள் ஜெயலக்ஷ்மிக்கு எழுதிய கார்டு என் முன்னால் இருக்கிறது. "நந்தி மலைவரை நானே ஓட்டிப் போய் வந்தேன். இப்போதெல்லாம் வாரம் இரண்டு முறையாவது ஊருக்கு வெளியே போகிறேன்." நந்தி மலை ஏறி இறங்கும் எஞ்சினில் ஈரம் தங்காது. அப்படி ஓடியும் வெண்ணெய் கட்டுகிறது என்றால், கம்பியிலும் ரேடியேட்டரிலும் தெரியாத அளவுக்கு எங்கேயோ தண்ணீர் கசிய ஆரம்பித்திருக்கிறது. அப்போது கிருஷ்ணப்பா சொல்வது சரி. எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டைத் திறந்து கேஸ்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான். நடுவில் எதுவும் இல்லை. தை பிறக்கப் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஆராவமுதன்


உல்சூர்
6 ஜனவரி 1959

ஆராவமுதா,

நந்தி மலைக்கு நான் போகவில்லை.

வாரம் இரண்டு முறை ஊருக்கு வெளியேயும் போகவில்லை. மைசூருக்கும் போகவில்லை, அது நான் உன் சித்தி பெண்ணுக்கு எழுதியது, உனக்கு வந்து சேர்ந்திருக்கும். வீட்டிலிருந்து பெருமாள் கோவில் அரை மைல். சனிக்கிழமைகளில் போவேன். இந்த மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலை போகிறேன். போய் நிறுத்துகிறேன், ஸேவித்துவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். மூன்று வருஷமாக, ஒரே ஒரு நாளைத் தவிர, இந்த வண்டி அதற்கு மேல் ஓடியதில்லை. டாப் கியர் போட்டதே இல்லை.

லைசென்ஸ் வாங்கிய இரண்டாம் மாதம் பழைய மெட்ராஸ் ரோட்டில் போனேன். பின்னால் ஒரு லாரி ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வந்தது. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. எந்தக் கால் எதை மிதிக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஒரு போலீஸ்காரரும் இன்னும் இரண்டு பேரும் வண்டியை, உள்ளே நான் உட்கார்ந்திருக்கும்போதே, ஓரமாகத் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் ஜன்னலுக்குள் குனிந்து, கன்னடத்தில், ரொம்ப மரியாதையாகத்தான், "மனெகெ ஹோகி அம்மா" என்றார். வீட்டுக்குப் போங்கள் அம்மா. திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மறுநாளே உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. உடனே உட்கார்ந்து, கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போய் வந்ததாக ஜெயலக்ஷ்மிக்கு முதல் கார்டை எழுதினேன். கான்வென்ட்டில் எனக்குப் பாடம் சொன்ன மதர் பிரிஜெட், பொய் ஒன்று சொன்னவள் ஒன்றோடு நிறுத்த மாட்டாள் என்பார். நான் பதினோரு கார்டு எழுதியிருக்கிறேன்.

யாரிடமும் ஒப்புக்கொள்ளாமல் வண்டியை விற்றுவிடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேஸ்கெட் போய்விட்டது என்றால் என் பேரில் தவறு இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்று காலை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த எஞ்சின் ஒரு குற்றமும் செய்யவில்லை. என் பொய்க்கு அது ஏன் போக வேண்டும்?

இதை ஜெயலக்ஷ்மிக்குப் படித்துக் காட்டலாம். உன் பட்டறைச் சிநேகிதர்களுக்கு வேண்டாம்.

கோமளம்


பொன்மலை
8.1.59

அன்புள்ள மன்னிக்கு,

யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஜெயலக்ஷ்மிக்கும் காட்டவில்லை. "மன்னி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "எஞ்சின் நன்னா இருக்காம்" என்றேன். அது பொய்யில்லை.

அன்று கூடத்தில் நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. மூன்று வருஷமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஞ்சினைப் பிரித்துக் கோப்பேன், இருநூறு டன்னை இழுக்க வைப்பேன், ஆனால் தண்டவாளத்துக்கு ஸ்டீயரிங் கிடையாது. அண்ணா அந்த வண்டியை வாங்கிய வருஷம் பரேடு மைதானத்தில் எனக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்கார்த்தி வைத்தார். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு வேலி இருந்தது. அதில் கொண்டுபோய் விட்டேன். "இதை மன்னிகிட்ட சொல்லிடாதேங்கோ" என்று அவரிடம் கெஞ்சினேன். சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் ஓட்டுவேன் என்றதும் அந்த வேலிதான் கண்முன் வந்தது. என் அசட்டுத்தனத்துக்குச் சிரிக்கப்போய் உங்கள் துக்கத்தில் சிரித்தவன் ஆனேன். மன்னிக்க வேண்டும்.

இப்போது வைத்தியம். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை என்று நான் நம்புகிறேன். நம்பிக்கை போதாது, நிரூபிக்க வேண்டும். மூடியைச் சுத்தமாகத் துடையுங்கள். பக்கத்தில் ஆவி வெளியேறும் குழாய் அடைத்திருந்தால் டோரதி மாமியை விட்டு ஒரு கம்பியால் குத்தச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பாதி உயரத்துக்கு ஒரு அட்டையைக் கட்டுங்கள், குளிர்காற்று நேரே அடிக்காது. பிறகு ஒரே மூச்சில், நிறுத்தாமல், டாப் கியரில், ஓசூர் ரோட்டில் சந்தாபுராவரை போங்கள். போக வர முப்பது மைல். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறங்கள். மறுநாளும் அதுபோல் ஓட்டித் திறங்கள். வெண்ணெய் இல்லையென்றால் டாக்டரைப் போகச் சொல்லலாம். அவ்வளவு ஓடியும் வந்தால் விற்றுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

யாராவது டிரைவரை வைத்தும் ஓட்டலாம். எஞ்சினுக்கு யார் ஓட்டினாலும் ஒன்றுதான். இதையும் எழுதாமல் இருந்தால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன்.

ஆராவமுதன்


உல்சூர்
13 ஜனவரி 1959, போகி

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

டிரைவர் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடாரவல்லி. கோவிலில் முழங்கை வழியும் நெய்யோடு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். தூக்கில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். டோரதி முன்சீட்டில் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்காகச் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகவில்லை. அந்தப் பாவம் உன் தலையில். வீட்டுக்குத் திரும்பும் முக்கில் நான் திரும்பவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தைரியம். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லாததால் போனேன்.

டாப் கியர் விழுந்ததும் எஞ்சின் சத்தம் இறங்கி அமைதியானது. எனக்கு வண்டி நின்றுவிட்டதோ என்று பயம். டோரதி, "நோ கோமா, இதுதான் டாப்" என்றாள். பொம்மனஹள்ளி தாண்டியதும் பின்னால் லாரி வந்தது. ஹாரனை அடித்தான். டோரதி என் பக்கம் திரும்பாமலே, "டோண்ட் லுக் பிஹைண்ட், மேன். அவனுக்கு அவசரம்னா அவன் போவான்" என்றாள். நான் கையை வெளியே நீட்டி, போ என்று காட்டினேன். லாரி போயிற்று. இவ்வளவுதானா? மூன்று வருஷமாக நான் பயந்தது இந்த ஒரு கையை நீட்டாததால்தானா?

சந்தாபுராவில் டீக்கடை ஓரம் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். நிறுத்தக் கூடாது என்று நீ எழுதியது எஞ்சினைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள், லட்சுமம்மா என்று பெயர் சொன்னாள். என்னைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீயாம்மா ஓட்டினு வந்தே?"

"நான்தான்."

"ஊட்டுக்காரரு இல்லியா?"

"இல்லை."

"இருந்திருந்தா உன்னே வுட்டிருப்பாரா?"

ஆராவமுதா, விட்டிருக்க மாட்டார். உன் அண்ணா எத்தனையோ விதத்தில் நல்லவர். வேலியில் கொண்டுபோய் விட்ட உன்னிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், "உனக்கெதுக்கு, நான்தான் இருக்கேனே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இதை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சந்தாபுராவில் ஒரு கீரைக்காரியிடம், "மாட்டார்" என்று சொன்னேன். அவள், "அதானே பாத்தேன்" என்று ஒரு கட்டு கீரையை ஜன்னலுக்குள் போட்டாள். பொங்கலில் பாதி அவளுக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்து இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தேன். உள்பக்கம் கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. வெண்ணெய் இல்லை. நேற்றும் போய் வந்தேன், ஆறவிட்டுத் திறந்தேன். இல்லை. இன்று காலை ஐந்து மணிக்குத் திறந்தேன். இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் அதே கோட்டில் இருக்கிறது.

கிருஷ்ணப்பாவை வரவழைத்து மூடியைக் கையில் கொடுத்தேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டாக்டருக்கு நான் என்னம்மா சொல்றது?" என்றான். "கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, அந்த அம்மாளும் நன்றாக இருக்கிறாள் என்று சொல்" என்றேன்.

அன்று நீ சிரித்த விஷயம் முடிந்தது. இனி அதை எடுக்க மாட்டேன்.

கோமளம்


பொன்மலை
16.1.59 (கார்டு)

மன்னிக்கு நமஸ்காரம். பொங்கல் ஆயிற்று. நீங்கள் கிருஷ்ணப்பாவிடம் சொன்னதை ஜெயலக்ஷ்மிக்கு மட்டும் படித்துக் காட்டினேன், மன்னிக்கவும். இருவரும் வந்து பார்க்க ஆசைப்படுகிறோம். 22ம் தேதி காலை வண்டியில் வருகிறோம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன்தான் உங்களுக்குப் பக்கம், அங்கேயே இறங்கி ஜட்கா வைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். குளிரில் நீங்கள் சிரமப்பட வேண்டாம்.
ஆராவமுதன்


உல்சூர்
19 ஜனவரி 1959

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு,

ஜட்கா வேண்டாம். கன்டோன்மென்ட்டிலும் இறங்க வேண்டாம். அங்கிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் சூடேறாது. அடுத்தது சிட்டி ஸ்டேஷன், அங்கே வா. ஆறரைக்கே வாசலில் நிற்பேன். ஜெயலக்ஷ்மி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரட்டும். நீ பின்னால் உட்கார்.

கோமளம்